எல்லாக் கோயிலும் ஒரே மாதிரியா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தாம்பரத்துல இருந்து எழுதறேன். உங்க பயணக் கட்டுரைகள விடாம படிக்கிறவ. போன மாசம் நான், வீட்டுக்காரர், ரெண்டு பசங்க, மாமியார் எல்லாரும் ஒரு டூர் பேக்கேஜ்ல கர்நாடகா போயிட்டு வந்தோம். ஹம்பி, பாதாமி, பட்டடக்கல், ஐஹோளே, பிஜாப்பூர். உண்மையச் சொன்னா ஏமாற்றமா இருந்துச்சு. ஹம்பி பரவால்ல, பெருசு, கண்ணுக்கு நிறைவா இருந்தது. அதுக்கப்புறம் காலைல பாதாமி குகை, மத்தியானம் பட்டடக்கல், சாயங்காலம் ஐஹோளேன்னு ஒரே நாள்ல ஓட்டிட்டாங்க. பட்டடக்கல்ல வண்டி நின்னதுமே 40 நிமிஷம்தான்னு சொல்லிட்டாங்க. எல்லாக் கோயிலும் ஒரே மாதிரிதான் இருக்கு. சின்னவன் "இதத்தான் அப்பவே பார்த்தோமேம்மா"ன்னான், எனக்கும் பதில் சொல்லத் தெரியல. பக்கத்துல இருக்கிற காஞ்சிபுரத்துக்கே நாங்க புடவை எடுக்கத்தான் போயிருக்கோம், வரலாறெல்லாம் படிச்சதில்ல. எங்கள மாதிரி ஆளுங்களுக்கு இந்த இடமெல்லாம் தேவைதானா? டிசம்பர்ல டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் போகலாம்னு இருக்கோம். அதுவும் இப்படித்தான் ஆகுமா? பேக்கேஜ்ல போறதா, சொந்தமா போறதா? மாமியாருக்கு முட்டி வலி வேற. வாதாபி கணபதி நெஜமாவே பாதாமில இருந்து வந்ததா? போட்டோ எடுக்க எந்த போன் நல்லா இருக்கும்?

அன்புடன்,
ஒரு வாசகி (பேர் போட வேண்டாம்)

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்க கடிதம் வந்தப்ப நான் காஞ்சி கைலாசநாதர் பத்தின என் பழைய குறிப்பு நோட்டத்தான் புரட்டிட்டு இருந்தேன், அதனாலதான் உடனே உக்காந்து எழுதறேன். போன் எதுன்னு என்னக் கேக்காதீங்க, கைல இருக்கிறதே போதும். வாதாபி கணபதி பெரிய கதை, அத இன்னொரு நாள் தனியா எழுதறேன். டெல்லிக்குக் கடைசில வர்றேன்.

"எல்லாக் கோயிலும் ஒரே மாதிரிதான் இருக்கு"ன்னு எழுதியிருக்கீங்களே, அந்த வரியப் படிச்சதும் எனக்குக் கோவம் வந்துச்சும்மா. பாதி உங்க மேல, பாதி உங்களக் கூட்டிட்டுப் போனவங்க மேல. வேற எந்த ஊரப் பத்தி அப்படிச் சொல்லியிருந்தாலும் பேசாம விட்டிருப்பேன், பட்டடக்கல்லப் பத்திச் சொல்லலாமா? மலப்பிரபா ஆத்தங்கரைல ஒரே வேலிக்குள்ள ரெண்டு வேற வேற வகைக் கோபுரம் பக்கத்துப் பக்கத்துல நிக்கிற ஊரு அது. 1987-ல யுனெஸ்கோ அத உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சதுக்கு முக்கியமான காரணமே, வடக்கத்திப் பாணியும் தெக்கத்திப் பாணியும் அங்க ஒண்ணா சேந்து நிக்கிறதுதான். அந்த இடத்துல நின்னுட்டு ஒரே மாதிரின்னு சொல்றது நியாயமே இல்ல.

சொல்றேன், கேளுங்க. விருபாட்சர் கோயில ஞாபகப்படுத்திக்கங்க, எதிர்ல நந்தி மண்டபம் இருக்குமே, இன்னும் பூஜை நடக்குதே, அதுதான். அதோட விமானம், அதாவது கருவறைக்கு மேல நிக்கிற கோபுரம், தளம் தளமா, மாடி மாடியா ஏறும். ஒவ்வொரு மாடிலயும் குட்டிக் குட்டிக் கோயிலா வரிசை கட்டி இருக்கும், உச்சில நாலு பட்டமா ஒரு சிகரம். நம்ம ஊர்ல சின்ன வயசுல இருந்து பார்க்கிற அதே அமைப்பு. அங்கேருந்து கொஞ்ச தூரம் வடக்கால நடந்தா கலகநாதர். அதோட கோபுரத்துல மாடியே கிடையாது, கீழேருந்து மேல வரைக்கும் ஒரே வளைவா உள்பக்கம் சாஞ்சுக்கிட்டே போயி உச்சில பள்ளம் பள்ளமா வெட்டின வட்டக்கல் ஒண்ணு உக்காந்திருக்கும், அதுக்கு மேல கலசம். ஒடிசாவுலயும் மத்தியப் பிரதேசத்துலயும் பார்க்கிற வகை. இதுக்கு வரலாறு படிச்சிருக்கணும்னு ஒண்ணும் இல்ல. காஞ்சிபுரத்துல கடைக்காரர் ஒரே அரக்குக் கலர்ல பத்துப் புடவைய விரிச்சுப் போட்டா நீங்க பார்டரப் பார்த்து, முந்திய தடவிப் பார்த்து, ஒண்ணொண்ணும் எப்படி வேறன்னு அரை மணி நேரம் சொல்லுவீங்க, அந்தக் கண்ண எதுக்கும்மா வண்டிலயே வச்சிட்டு இறங்குனீங்க?

இன்னும் கேளுங்க. விருபாட்சருக்குப் பக்கத்துலயே மல்லிகார்ஜுனர் கோயில், கிட்டத்தட்ட அதே வகை, அளவுல கொஞ்சம் சின்னது. உங்க பையன் "அப்பவே பார்த்தோமே"ன்னு சொன்னது அங்கேதான்னு நினைக்கிறேன். ஆனா அதோட உச்சியப் பார்த்தா சிகரம் நாலு பட்டமா இருக்காது, உருண்டையா இருக்கும். இந்த ரெண்டையும் கட்டினது அக்கா தங்கச்சி. ரெண்டு பேருமே அந்தப் பக்கத்த ஆண்ட சாளுக்கிய ராஜா ரெண்டாம் விக்கிரமாதித்தனோட ராணிங்க. மூத்தவ லோகமகாதேவி கட்டினது விருபாட்சர், இளையவ திரைலோக்கியமகாதேவி கட்டினது மல்லிகார்ஜுனர். அப்புறம் தெக்கால கொஞ்சம் தள்ளி பாபநாதர் கோயில், அங்க வடக்கத்திக் கோபுரத்துக்கு முன்னாடி நீளமா மண்டபம் போகும், அதோட சுவர்ல தெக்கத்தி வேலைப்பாடு, ரெண்டும் ஒரே கோயில்ல கலந்து நிக்கும். அந்தப் பையன்கிட்ட "எந்தக் கோபுரம் மாடி, எந்தக் கோபுரம் வளைவு, ரெண்டும் கலந்தது எங்க இருக்கு, கண்டுபுடிச்சுட்டு வா"ன்னு மட்டும் சொல்லி விட்டிருந்தா அவன் வேலி முழுக்க ஓடியிருப்பான். அவன் கேட்டது நல்ல கேள்விம்மா. பதில் சொல்ல அங்க ஆள் இல்ல, அவ்வளவுதான்.

வரலாறு படிக்காதவங்களுக்கு இதெல்லாம் தேவையான்னு கேக்கறீங்க. எங்க பெரிய அத்தைய நான் அங்க கூட்டிட்டுப் போயிருக்கேன். கும்பகோணம் பக்கத்துல கிராமம், அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவங்க, ஆனா ஊர்ல ராமாயணக் கதா காலட்சேபம் எங்க நடந்தாலும் முதல் வரிசைல போயி உக்காந்துடுவாங்க. வெயில் தாங்காம விருபாட்சர் மண்டபத்துக்குள்ள வந்து தரைல உக்காந்தவங்க, ஒரு தூணையே ரொம்ப நேரம் பார்த்துட்டு இருந்தாங்க. கைடு அந்தப் பக்கம் தேதி தேதியா ஒப்பிச்சுக்கிட்டு இருந்தார். அத்தை என் கையப் பிடிச்சு இழுத்து "டேய், இது ஜடாயுடா, ராவணன் தேர மறிக்கிறான் பாரு"ன்னாங்க. அதுதான், ஜடாயுவேதான். அதுக்கப்புறம் அவங்கள யாராலயும் புடிக்க முடியல. பாபநாதர் கோயில் வெளிச்சுவர்ல ராமாயணம் முழுக்க செதுக்கியிருக்கு, யார் யாருன்னு பக்கத்துலயே பழைய கன்னட எழுத்துல பேரும் வெட்டியிருக்கு. கைடு பேரப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள அத்தை ஆளச் சொல்லிட்டாங்க. அவங்களுக்கு யாரு சரித்திரம் சொல்லிக் குடுத்தா?

அத்தைக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கோயிலுக்குப் போனாலும் "ராஜா பேரச் சொல்றான், செஞ்சவன் பேர ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கிறான்"னு முணுமுணுப்பாங்க. அன்னிக்கு அவங்ககிட்ட சொல்றதுக்கு என்கிட்ட பேர் இருந்துச்சு. விருபாட்சர் கோயிலக் கட்டின சூத்திரதாரி, அதாவது தலைமைச் சிற்பி, பேரு குண்டன், அனிவாரிதாச்சாரின்னும் சொல்லுவாங்க. அவருக்கு திரிபுவனாச்சாரின்னு பட்டம் குடுத்து மரியாதை பண்ணினத கிழக்கு வாசல் பக்கத்துல கல்வெட்டா வெட்டி வச்சிருக்காங்க. அதே கோயில்ல சர்வசித்தி ஆச்சாரின்னு இன்னொருத்தர், தென் திசையோட சூத்திரதாரின்னு அவரச் சொல்லியிருக்கு. பாபநாதர்ல ரேவடி ஓவஜ்ஜா. 1,250 வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு, பேரு இன்னும் அழியல. அத்தை அந்த மூணு பேரையும் திருப்பித் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கிட்டாங்க, ஊருக்கு வந்தப்புறம் எல்லார்கிட்டயும் குண்டன் குண்டன்னு சொந்தக்காரன் மாதிரி பேசிட்டு இருந்தாங்க. உங்க 40 நிமிஷத்துல இந்த மூணு பேரையாவது ஒருத்தர் சொன்னாங்களா?

இப்ப உங்க மேல உள்ள கோவத்துக்கு வர்றேன். தாம்பரத்துல இருந்துக்கிட்டு, காஞ்சிக்குப் பல தடவை போயிட்டு, கைலாசநாதர் கோயில எட்டிப் பார்க்காம புடவைய மட்டும் எடுத்துட்டு வந்திருக்கீங்க பாருங்க, இத என்னால சாதாரணமா எடுத்துக்க முடியல. ஏன்னா பட்டடக்கல் உங்களுக்குப் பேசாமப் போனதுக்குக் காரணமே அதுதான். அந்த ரெண்டு ஊருக்கும் நடுவுல ஒரு நூறு வருஷப் பகை ஓடுது. 642-ல நம்ம பல்லவ ராஜா நரசிம்மவர்மன் சாளுக்கியத் தலைநகரான வாதாபிய, அதாவது இன்னிக்குப் பாதாமிய, புடிக்கிறான், வாதாபி கொண்டான்னு நம்ம பசங்க பாடத்துல படிக்கிறாங்களே, அது. நீங்க ஏறி இறங்கின அதே பாதாமில அவனோட கல்வெட்டு பாறைல இருக்கு. ஏறத்தாழ ஒரு நூத்தாண்டு கழிச்சு சாளுக்கிய ரெண்டாம் விக்கிரமாதித்தன் திருப்பி வந்து காஞ்சியப் புடிக்கிறான். அப்ப அங்க பல்லவ ராஜா ராஜசிம்மன் கட்டின கைலாசநாதர் புதுசா நிக்குது. கொளுத்தியிருக்கலாம், அள்ளிட்டுப் போயிருக்கலாம், பழி வாங்கறதுக்கு அவனுக்குக் காரணம் இல்லாம இல்ல. அந்தக் கோயிலோட செல்வத்தப் பார்த்துட்டு அத சாமிக்கே திருப்பிக் குடுத்துட்டுப் போனான், அதக் கன்னடத்துல கல்வெட்டாவும் வெட்டி வச்சான். இன்னிக்கும் கைலாசநாதர் முன்மண்டபத்துத் தூண்ல அது இருக்கு. தமிழ்நாட்டுல, பல்லவன் கோயில்ல, எதிரி ராஜாவோட கன்னட எழுத்து! நான் அந்தத் தூணுக்கு முன்னாடி நிக்கிறப்பல்லாம் தொண்டை அடைச்சுக்கும்.

அந்த ஜெயிப்புக்காகத்தான் லோகமகாதேவி பட்டடக்கல்ல விருபாட்சரக் கட்டினா. காஞ்சிய மூணு தரம் வென்றவனோட ராணின்னு அவளப் பத்தி அங்க கல்வெட்டே இருக்கு. கோயிலப் பார்த்தா நம்ம கைலாசநாதரோட சாயல் அப்படியே தெரியும். இங்கேருந்து சிற்பிகளக் கூட்டிட்டுப் போனாங்களான்னு ஒரு பெரிய விவாதம் ஓடிட்டு இருக்கு, அதுக்குள்ள நான் இப்ப போகல, கண்ணுக்குத் தெரியற சாயல் எனக்குப் போதும். அதோட முடிஞ்சிடல. சாளுக்கியர்களத் தள்ளிட்டு ராஷ்டிரகூடர்கள் வந்தாங்க, அவங்கள்ல முதலாம் கிருஷ்ணன் எல்லோரால ஒரு மலையவே மேலேருந்து கீழ வெட்டி கைலாசம் பண்ணினான், அதுல பட்டடக்கல் விருபாட்சரோட சாயல் இருக்கு. காஞ்சி, பட்டடக்கல், எல்லோரா. கொஞ்சம் கொஞ்சமா வளந்த ஒரே குடும்பம். முதல் ஆளப் பார்க்காம ரெண்டாவது ஆள்கிட்ட போயி நின்னா அவர் முகத்துல உங்களுக்கு யார் ஜாடை தெரியும்? டூர்க்காரங்க இந்த வரிசையப் பார்க்கறதில்ல, ரோடு எப்படிப் போகுதுன்னு பார்த்து ஊர அடுக்கறாங்க. பாதாமிலேருந்து பட்டடக்கல் 22 கிலோமீட்டர், அங்கேருந்து ஐஹோளே 13 கிலோமீட்டர், அதனால மூணும் ஒரே நாள்ல முடிஞ்சிடும்னு கணக்குப் போடறாங்க. வண்டிக்கு முடிஞ்சிடும்தான். ஐஹோளே மேகுடி கோயில்ல ரவிகீர்த்திங்கிற புலவன் 634-ல எழுதின கல்வெட்டு இருக்கு, சாளுக்கிய ராஜா இரண்டாம் புலிகேசி வடக்கத்தி ராஜா ஹர்ஷன ஜெயிச்சத அதுல பாடியிருக்கான், காளிதாசன் பேரும் வருது. அதுக்கு ஒரு சின்னக் குன்று ஏறணும். சாயங்காலம் களைச்சுப் போயி வந்தவங்கள அங்க யாரு ஏத்தியிருக்கப் போறா.

சரி, டெல்லி. பேக்கேஜோ சொந்தமோ, எப்படி வேணா போங்க, ஆனா ஜெய்ப்பூர இந்தத் தடவை விட்டுடுங்க. கோவிச்சுக்காதீங்க, நாளு பத்தாது, மாமியார் முட்டிக்கும் ஆம்பர் கோட்டை ஒத்துவராது. அந்த நாளையும் டெல்லிக்கும் ஆக்ராவுக்கும் குடுங்க. டெல்லில முதல்ல ஹுமாயூன் சமாதிக்குப் போங்க. கட்டினது அவரோட மனைவிங்கள்ல ஹமீதாவா பேகாவாங்கிற சண்டைய விடுங்க, விதவையான ராணி கட்டினதுன்னு பொதுவா சொல்லுவாங்க, 1570 வாக்குல முடிஞ்சது, செவப்புக் கல்லுல வெள்ளைச் சலவைக்கல் கோடு போட்டது, நாலாப் பிரிச்ச தோட்டத்துக்கு நட்ட நடுவுல இருக்கும். அப்புறம் ஆக்ராவுல யமுனைக்கு அந்தப் பக்கம் இதிமாத் உத் தௌலா. நூர்ஜஹான் தன்னோட அப்பாவுக்குக் கட்டினது, 1628-ல முடிஞ்சது, சின்னது, ஆனா முழுக்கச் சலவைக்கல்லு, அதுல கலர் கலரா கல்லு பதிச்சிருப்பாங்க, பாதி டூர்ல இத விட்டுடுவாங்க. இந்த ரெண்டையும் பார்த்துட்டு மூணாவதா தாஜ்மஹாலுக்குப் போங்க. சின்னவன்கிட்ட ரெண்டே ரெண்டு கேள்வி கேளுங்க. ஹுமாயூன் கட்டடம் தோட்டத்துல எங்க நின்னுச்சு, தாஜ்மஹால் எங்க நிக்குது? சுவர்ல கல்லு பதிச்சத இதுக்கு முன்னாடி எங்க பார்த்தோம்? அவன் இந்தத் தடவை "அப்பவே பார்த்தோமே"ன்னு சொன்னா அவன அங்கேயே கட்டிப் புடிச்சுக்கங்க.

டெல்லி கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை காலைல காஞ்சிக்குப் போயிடுங்க, கைலாசநாதருக்குப் போயிட்டு அப்புறம் புடவைக் கடை. மத்தியானம் நடை சாத்திடுவாங்க, சீக்கிரமா போங்க. மாமியாரையும் கூட்டிட்டுப் போங்க, பிராகாரம் சின்னதுதான், சுத்தி வரிசையா குட்டிச் சன்னதிங்க இருக்கும், அவங்க மெதுவா உக்காந்து உக்காந்து பார்க்கட்டும். அந்தக் கன்னடத் தூண் எதுன்னு அங்க இருக்கிற தொல்லியல் துறைக் காவலர்கிட்டக் கேளுங்க, காட்டுவார்.

டிசம்பர்ல வடக்க மூடுபனி, ரயிலெல்லாம் லேட்டாகும், ஒரு நாள் கையிருப்பா வச்சுக்கங்க. தாஜ்மஹால் பார்க்கிங்ல இருந்து வாசல் வரைக்கும் பேட்டரி வண்டி ஓடும், மாமியார நடக்க விடாதீங்க. வெள்ளிக்கிழமை தாஜ்மஹாலுக்கு லீவு, டிக்கெட் போடறதுக்கு முன்னாடி காலண்டரப் பார்த்துக்கங்க.

அன்புடன்,
அண்ணன்