கிலி இல்லாமல் கிலித் தீவுக்கு: கேள்வி பதில்

இந்தோனேசியாவின் லொம்போக் தீவுக்கு வடமேற்கே, கரையை ஒட்டி, திராவாங்கன், மேனோ, ஆயர் என்ற மூன்று சிறு தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. அங்கே காரும் இல்லை, பைக்கும் இல்லை. குதிரை வண்டியும் சைக்கிளும், அண்மைக் காலமாக மின்சார சைக்கிளும்தான் போக்குவரத்து. தமிழில் கிலி என்றால் நடுக்கம். அங்குள்ள சசாக் மக்களின் மொழியிலோ அதற்குச் சிறு தீவு என்பதுதான் பொருள். நான்கு முறை போய்வந்தவன் என்ற அளவில், வந்து சேர்ந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நானும் என் கணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். கையில் ஐந்து நாள் இருக்கிறது. மூன்று தீவுகளையும் பார்த்துவிட முடியுமா? (திருச்சி வாசகி)

முடியும் அம்மா, ஆனால் வேண்டாம். ஒவ்வொரு முறையும் பெட்டியைக் கட்டி, கடற்கரை மணலில் இழுத்து, படகுக்குக் காத்திருந்து, புதிய அறையில் மீண்டும் பிரித்து வைப்பதற்குள் அரை நாள் போய்விடும். ஒரே தீவில் தங்குங்கள். மற்ற இரண்டையும் பார்க்க விரும்பினால், பெட்டியை அறையிலேயே விட்டுவிட்டுப் படகில் காலையில் போய் மாலையில் திரும்புங்கள்.

எந்தத் தீவு என்றால், உங்களுக்கு ஆயர். மூன்றில் மேற்குக் கோடியில் இருப்பதும் பெரியதுமான திராவாங்கனில், படகுத்துறை இருக்கும் கிழக்குக் கரை முழுவதும் உணவகங்களும் மதுக்கூடங்களுமாக நெருக்கியடித்து நிற்கின்றன. இரவு இரண்டு மணிக்கும் பாட்டு அதிரும், இளைஞர்கள் அதற்காகவே வருகிறார்கள். நடுவிலிருக்கும் மேனோ அதற்கு நேர் எதிர். அங்கே மக்களும் குறைவு, கடைகளும் குறைவு; தீவின் மேற்குப் பகுதியில் ஓர் உப்பேரி, அதைச் சுற்றிப் புதர், அவ்வளவுதான். புதுமணத் தம்பதியருக்கு அது பொருந்தலாம், ஆனால் நள்ளிரவில் ஒரு காய்ச்சல் மாத்திரை தேவைப்பட்டால் அங்கே திண்டாட்டம். லொம்போக்குக்கு மிக அருகிலுள்ள ஆயரில் ஊர் என்று ஒன்று உயிரோடு இருக்கிறது. தென்னந்தோப்புக்கு நடுவே வீடுகள், பள்ளிவாசல், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், வாசலில் வால் குட்டையான பூனைகள் என்று தீவின் உட்புறம் நடக்க நடக்க நம் கடற்கரைக் கிராமம் ஒன்றில் இருப்பதுபோலவே தோன்றும். நின்று நின்று நடந்தாலும் ஒன்றரை மணி நேரத்தில் தீவைச் சுற்றி வந்துவிடலாம்.

பாலி வழியாகப் போவதா, லொம்போக் வழியாகப் போவதா? எல்லாரும் பாலி என்கிறார்கள். (கோலாலம்பூர் வாசகர்)

எல்லாரும் பாலி என்பதற்குக் காரணம், எல்லாரும் ஏற்கெனவே பாலியில் இருப்பதுதான். அங்கே சானூர், செராங்கான், பாடாங் பாய் ஆகிய துறைகளிலிருந்து விரைவுப் படகுகள் புறப்படுகின்றன. புறப்படும் துறையையும் கடலின் மனநிலையையும் பொறுத்து ஒன்றரை மணியிலிருந்து மூன்று மணி நேரம் வரை ஆகும். வழியில் கடக்க வேண்டியது லொம்போக் நீரிணை. பசிபிக் பெருங்கடலின் நீர் இந்தியப் பெருங்கடலுக்கு வடிந்து இறங்கும் முதன்மையான வாய்க்கால்களில் அதுவும் ஒன்று என்பதால், காற்று ஓய்ந்திருக்கும் நாளிலும் நீரோட்டம் ஓய்வதில்லை. 1856-இல் பாலியிலிருந்து லொம்போக்குக்கு வந்த ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ், இவ்வளவு குறுகிய கடலைத் தாண்டியதும் பறவைகளே மாறிவிடுவதைக் கண்டு வியந்தார். ஆசிய உயிரினங்களுக்கும் ஆஸ்திரேலிய உயிரினங்களுக்கும் எல்லையாக இன்று அவர் பெயரால் வழங்கும் கோடு இந்த நீரிணை வழியாகத்தான் போகிறது. அதே கடலில், வாந்திப் பையைக் கையில் பிடித்தபடி பறவைகளைப் பற்றி யோசிக்க எனக்கு வாய்க்கவில்லை.

ஐயா, கோலாலம்பூரிலிருந்து லொம்போக்குக்கே நேரடி விமானம் இருக்கும்போது நீங்கள் ஏன் பாலிக்குப் போக வேண்டும்? லொம்போக் விமான நிலையத்திலிருந்து பங்சால் துறைக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரக் கார்ப் பயணம். ஓட்டுநரிடம் சொல்லி வைத்தால், குரங்குகள் சாலையோரம் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பூசுக் மலைவழியாகவோ, செங்கிகி கடற்கரை வழியாகவோ உங்கள் விருப்பப்படி அழைத்துப் போவார். பங்சாலிலிருந்து ஆயருக்குப் பொதுப்படகில் கால் மணி நேரம்தான். அந்தப் படகுக்குக் கால அட்டவணையைவிட ஆள் கணக்குதான் முக்கியம். ஆள் நிறைந்ததும் கிளம்பும். மாலை நெருங்க நெருங்க ஆள் சேராது என்பதால் நண்பகலுக்குள் துறைக்குப் போய்விடுங்கள், தாமதமானால் தனிப்படகு பேசிக்கொள்ளலாம். துறைக்கு வெளியே வண்டியை மறித்து, ‘இங்கேதான் சீட்டு வாங்க வேண்டும்’ என்று சொல்பவர்களைக் கடந்து, துறைக்குள் இருக்கும் சீட்டு அலுவலகத்தில் வாங்குங்கள்.

பாலி வழியாகத்தான் போவேன் என்பவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவைத் தீவில் கழிக்காதீர்கள். ஓர் ஆகஸ்டு மாதம், காலையில் படகு, மாலையில் விமானம் என்று கச்சிதமாகத் திட்டமிட்டதாக நினைத்துக்கொண்டு துறையில் உட்கார்ந்திருந்தேன். அலை உயரம் என்று துறைமுக அதிகாரி படகுகளை நிறுத்தி வைத்திருந்தார். படகுக்காரர்களோ ‘இன்னும் அரை மணி, இன்னும் அரை மணி’ என்று பிற்பகல் இரண்டு வரை எங்களைப் பிடித்து வைத்திருந்தார்கள். விமானம் போய்விட்டது. அன்றே மறுகரைக்குப் பொதுப்படகில் போயிருந்தால் லொம்போக்கிலிருந்தே பறந்திருக்கலாம் என்பது, புதுச் சீட்டுக்குப் பணம் கட்டிய பிறகுதான் உறைத்தது.

எந்த மாதம் நல்லது? (நாகர்கோவில் வாசகர்)

மழை பெரும்பாலும் நவம்பரிலிருந்து மார்ச் வரை. ஜூலையும் ஆகஸ்டும் வானம் தெளிந்திருக்கும், ஆனால் கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும், தென்கிழக்குக் காற்றில் நீரிணையும் கொந்தளிக்கும். மே, ஜூன், செப்டம்பர் மாதங்களையே நான் தேர்ந்தெடுப்பேன். மார்ச் மாதம் பாலி வழியாகப் போகிறவர்கள் ஞேபி நாளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பாலி இந்துக்களின் மௌன நாளான அன்று 24 மணி நேரம் விமான நிலையமே மூடப்பட்டிருக்கும். ரமலான் மாதத்தில் தீவுகள் அடங்கியிருக்கும் என்பதால், அமைதி தேடுகிறவர்களுக்கு அது குறையன்று.

நாங்கள் சுத்த சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை. பட்டினி கிடக்க நேருமா? (கோயம்புத்தூர் வாசகி)

பட்டினி நேராது, ஆனால் ஏமாற்றம் நேரலாம், ஏனென்றால் அங்கே அசைவம் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும். திராசி என்று ஒரு பொருள், இறாலை நொதிக்க வைத்துச் செய்த விழுது. நாம் பெருங்காயம் போடுவதுபோல அவர்கள் அதைச் சம்பால் என்னும் மிளகாய்த் துவையலில் சேர்ப்பார்கள். லொம்போக்கின் பெருமையான பிளெசிங் கங்குங் வெறும் கீரைதான், அதுவும் நம் வள்ளைக்கீரையேதான். வேகவைத்து, தக்காளியும் மிளகாயும் அரைத்த காரச் சம்பாலை மேலே ஊற்றித் தருவார்கள். பார்த்தால் பரம சாதுவாக இருக்கும் அந்தத் தட்டில் இறால் விழுது இருக்கிறது. ‘தன்பா திராசி’ என்றால் திராசி இல்லாமல் என்று பொருள். அதையும், ‘தன்பா தெலூர்’, அதாவது முட்டை இல்லாமல் என்பதையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். முட்டையைச் சொல்லாவிட்டால் நாசி கோரெங் என்னும் வறுத்த சோற்றின் மீது பொரித்த முட்டை தானாக வந்து உட்காரும். பக்கத்தில் வைக்கும் கெருப்புக் அப்பளமும் பெரும்பாலும் இறால் மாவில் செய்ததுதான்.

மற்றபடி நல்ல சாப்பாடுதான். சோயாவை நொதிக்க வைத்துக் கட்டியாக்கிய தெம்பே, தாஹு எனப்படும் சோயாக் கட்டி, காய்கறிகளின் மீது வேர்க்கடலைச் சாறு ஊற்றிய காடோ காடோ ஆகியவை எங்கும் கிடைக்கும், ஆனால் அந்தக் கடலைச் சாற்றிலும் திராசியைப் பற்றி ஒருமுறை கேட்டுவிடுங்கள். கடற்கரையைப் பார்த்து நிற்கும் உணவகங்களைவிட, தீவின் உட்புறச் சந்துகளில் இருக்கும் வாருங் எனப்படும் சிறு சாப்பாட்டுக் கடைகளில் விலையும் குறைவு, பொறுமையாகக் கேட்டு நமக்கென்று தனியாகச் செய்து தரும் மனமும் அதிகம். ஆயரில் அப்படி ஒரு கடையில், ‘திராசி வேண்டாம்’ என்று நான் சொன்னதும், அந்த அம்மையார் அதுவரை அரைத்துக்கொண்டிருந்த கல்லை ஓரமாக நகர்த்திவிட்டு, உள்ளேயிருந்து வேறொரு கல்லை எடுத்து வந்து, கழுவித் துடைத்துவிட்டு மிளகாய் அரைக்க உட்கார்ந்தார். காரம் தாங்காதவர்கள் ‘திடாக் பெடாஸ்’ என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். ஜாவா மொழியில் லொம்போக் என்றாலே மிளகாய்தான்.

என் அம்மாவுக்கு 78 வயது, முழங்கால் வலி. வண்டியே இல்லாத ஊருக்கு அழைத்துப் போவது சரியா? (சிங்கப்பூர் வாசகர்)

தங்குமிடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் சரிதான். ஆயரில் படகுத்துறையிலிருந்து ஐந்து நிமிட நடைக்குள், தரைத்தளத்தில் அறை எடுங்கள். அங்குள்ள மரக் குடில்கள் பல, செங்குத்தான ஏணிப்படி வைத்தவை. படத்தில் அழகாகத் தெரியும், அம்மாவால் ஏற முடியாது. படகில் ஏறுவதும் இறங்குவதும்தான் உண்மையான சோதனை. சில நேரம் முழங்கால் நீரில் இறங்க வேண்டியிருக்கும். படகுப் பையன்கள் இருபுறமும் தாங்கி இறக்கிவிடுவார்கள் என்றாலும், அம்மாவுக்கு அதில் கூச்சம் இருக்குமா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

குதிரை வண்டிக்குச் சிடோமோ என்று பெயர். மாட்டு வண்டியைக் குறிக்கும் சிகார், குதிரை வண்டியைக் குறிக்கும் டோகார், காரைக் குறிக்கும் மொபில் ஆகிய மூன்று சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்துச் செய்த பெயர் அது. கார் எங்கே வந்தது என்றால், சக்கரத்தில் மாட்டியிருப்பது கார் டயர். காரே ஓடாத தீவில் அந்த டயர்கள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கூலியை ஏறுமுன் பேசிவிடுங்கள். வெயிலில் நிழலின்றி நிற்கும் குதிரைகளையும், நான்கு பேரையும் எட்டுப் பெட்டிகளையும் இழுக்கும் குதிரைகளையும் பார்த்த பிறகு, நடக்க முடிந்த நான் அவற்றில் ஏறுவதை நிறுத்திவிட்டேன். உங்கள் அம்மா ஏறுவதில் தவறில்லை. நீங்கள் பெட்டியோடு பின்னால் நடந்து வாருங்கள். சைக்கிள் எடுக்கலாம் என்று நினைத்தால், ஆயரிலும் மேனோவிலும் பாதை பல இடங்களில் ஆழமான மணல், இறங்கித் தள்ள வேண்டும்.

எனக்கு நீந்தத் தெரியாது. ஆமைகளைப் பார்க்க முடியுமா? (யாழ்ப்பாணம் வாசகி)

பார்க்கலாம். கரையோரக் கடற்புல்லை மேய வரும் பேராமைகளும், பவளப்பாறைகளில் இரை தேடும் அழுங்காமைகளும் அங்கே உண்டு. தனி வழிகாட்டி ஒருவரை அமர்த்தி, உயிர்காப்பு அங்கி அணிந்து, அவர் பிடித்திருக்கும் மிதவை வளையத்தைப் பற்றிக்கொண்டு முகத்தை மட்டும் நீருக்குள் வைத்தால் போதும். முதல் ஐந்து நிமிடம் மூச்சுக் குழாய் படுத்தும். இடுப்பளவு நீரில் நின்று பழகிவிட்டு இறங்குங்கள். மேனோவுக்கு அருகே, சிற்பி ஜேசன் டிகேர்ஸ் டெய்லர் 2017-இல் அமைத்த 48 மனித உருவங்கள், வட்டமாக நின்றும் சுருண்டு கிடந்தும், மேலிருந்தே தெரியும் ஆழத்தில் இருக்கின்றன. பாசியும் பவளமும் பற்றி, முகங்கள் மெல்ல மறைந்துகொண்டிருக்கின்றன. நண்பகலில் அங்கே சிலைகளைவிட மனிதக் கால்களே அதிகம் தெரியும் என்பதால், காலை எட்டு மணிக்குள் போகச் சொல்லிப் படகுக்காரரிடம் பேசிவிடுங்கள்.

ஆமையைத் தொடாதீர்கள், பவளத்தின் மீது நிற்காதீர்கள். கரையெங்கும் உடைந்த பவளத் துண்டுகள் காலைக் கிழிக்கும், ஆகவே ரப்பர் காலணி அவசியம். நீந்தத் தெரிந்தவர்களுக்கும் ஒன்று: பக்கத்துத் தீவு கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாகத் தெரிந்தாலும், இடையே ஓடும் நீரோட்டம் ஆளை இழுத்துப் போய்விடும், நீந்திக் கடக்க முயலவே கூடாது.

2018 நிலநடுக்கத்துக்குப் பிறகும் அங்கே போவது புத்திசாலித்தனமா? (சென்னை வாசகர்)

2018 ஆகஸ்டு 5 அன்று வடக்கு லொம்போக்கைத் தாக்கிய நிலநடுக்கத்தின் அளவு 6.9. தீவுகளிலிருந்த சுற்றுலாப் பயணிகளை மறுநாள் படகுகளில் வெளியேற்ற வேண்டியிருந்தது. கட்டடங்களைத் திரும்பக் கட்டிவிட்டார்கள், ஆனால் நிலத்தின் இயல்பு மாறிவிடவில்லை. எதிரே 3,726 மீட்டர் உயரத்தில் நிற்கும் ரின்ஜானியும் எரிமலைதான். நான் செய்வது இவ்வளவே: கனத்த காங்கிரீட் மாடியைவிட மரமும் மூங்கிலுமான ஒற்றைத் தள அறையைத் தேர்ந்தெடுப்பேன், வெளியேறும் வழியைப் போன அன்றே நடந்து பார்ப்பேன், கடவுச்சீட்டையும் டார்ச்சையும் செருப்பையும் தலைமாட்டில் வைத்திருப்பேன். ஆயரும் மேனோவும் தட்டையான தீவுகள், ஆழிப்பேரலை வந்தால் ஏறி ஒதுங்க, திராவாங்கனின் தெற்கில் மட்டும் ஒரு குன்று இருக்கிறது. இதைப் படித்த பிறகு உறக்கம் வராது என்றால், வேறு இடம் பாருங்கள். ஓய்வுக்குப் போகும் இடத்தில் விழித்திருப்பதில் பயனில்லை.

பணம், விசா, மின்சாரம்? (மதுரை வாசகர்)

இந்தியக் கடவுச்சீட்டுக்கு இறங்கியதும் 30 நாள் விசா தருகிறார்கள், கட்டணம் 5,00,000 ரூபியா. பாலியில் இறங்கினால் 2024 பிப்ரவரியிலிருந்து அந்த மாகாணத்துக்கு 1,50,000 ரூபியா தனியாகக் கட்ட வேண்டும். தீவிலுள்ள ஏடிஎம் இயந்திரங்களை நம்பாமல் ரொக்கத்தை லொம்போக்கிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டை முள் வட்டச் செருகி போதும். பெயர்ச்சீட்டு இல்லாத புட்டியில் வரும் அராக் சாராயத்தைத் தொடவேண்டாம். மெத்தனால் கலந்த அராக்கைக் குடித்து அந்தப் பகுதியில் பலர் இறந்திருக்கிறார்கள்.

ஆங்கிலம் எங்களுக்குச் சரளமாக வராது. சமாளிக்க முடியுமா? (தஞ்சாவூர் வாசகர்)

அங்குள்ளவர்களுக்கும் பலருக்குச் சரளமாக வராது, ஆகையால் இரு தரப்பும் சமம். ‘தெரிமா காசி’ என்றால் நன்றி. எண்களைக் கைப்பேசியில் எழுதிக் காட்டி விலை பேசுவதுதான் அங்கே வழக்கம். மற்றதற்கு உங்கள் காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள்: நம்மிடமிருந்து போன சில சொற்கள் அங்கே இன்னும் குடியிருக்கின்றன. கடைக்குக் கெடாய் என்கிறார்கள், கறிக்குக் காரி. நீச்சல் குளத்துக்கு ‘கோலாம் ரெனாங்’ என்று பலகை மாட்டியிருப்பார்கள். பங்சால் துறையில் நின்று, நீரைக் கைகாட்டிக் ‘கப்பல்?’ என்று கேட்டேன். சீட்டுக் கொடுப்பவர் நிமிர்ந்து பார்த்து, ‘காபால், ஜாம் சதூ’ என்றார். கப்பல் ஒரு மணிக்கு.