நிதி திரட்டுவது கையேந்தும் வேலையா?

அம்மா, வணக்கம். உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை விடவே இல்லை. ‘இவ்வளவு படிக்க வைத்தது நாலு பேர் முன்னால் கையேந்தவா?’ என்று கேட்டிருந்தீர்கள். தொண்டு நிறுவனத்தில் நிதி திரட்டும் பிரிவில் சேரப் போகிறேன் என்று மகள் சொன்னதும் உங்களுக்கு வந்த பயம் புரிகிறது. இந்த வேலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அப்புறம் அவளோடு உட்கார்ந்து பேசுங்கள்.

பணம் கேட்பது இதில் சின்னப் பங்குதான். ஒரு திட்டத்துக்கு உண்மையில் எவ்வளவு செலவாகும் என்று களப்பணியாளர்களிடமும் கணக்குப் பிரிவிலும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதை அறக்கட்டளைகளுக்கு விண்ணப்பமாக எழுத வேண்டும். நன்கொடை வந்ததும் ரசீதும் நன்றிக் கடிதமும் தாமதமில்லாமல் போக வேண்டும். கொடுத்த பணம் என்ன ஆனது என்று, நினைத்தபடி நடக்காததையும் மறைக்காமல், பின்னாலேயே தெரிவிக்க வேண்டும். போன வருஷம் கொடுத்தவர் இந்த வருஷம் ஏன் கொடுக்கவில்லை என்று பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால், ஒருவருடைய திறமை இந்தக் கடைசி வேலையில்தான் தெரியும்.

இது ஒரு தொழிலாக வளர்ந்து வெகுகாலமாகிறது. அமெரிக்காவில் நிதி திரட்டுபவர்களுக்கான சங்கம் 1960-லேயே தொடங்கிவிட்டது. பிரிட்டனில் 1983-ல் அப்படியொரு அமைப்பு உருவாகி, 2020-ல் அரச சாசனமும் பெற்றது. நிதி திரட்டுபவர்களின் தகுதியைக் காட்ட சி.எஃப்.ஆர்.இ. (CFRE) என்று ஒரு சர்வதேசச் சான்றிதழ் இருக்கிறது. கடந்த 5 ஆண்டுகளில் குறைந்தது 36 மாதம் இந்தத் துறையில் வேலை பார்த்திருந்தால்தான் அதன் தேர்வையே எழுத முடியும். தேறிய பிறகும் 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதனால் மகள் இப்போதே சான்றிதழுக்குப் பணம் கட்ட அவசரப்பட வேண்டாம். வேலை பார்த்த பிறகு வர வேண்டியது அது.

நீங்கள் நிஜமாகப் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. ‘சம்பளம் குறைவு, திரட்டும் தொகையில் இவ்வளவு சதவீதம் உனக்கு’ என்று ஒரு நிறுவனம் சொன்னால், தயவுசெய்து அங்கே அனுப்பாதீர்கள். அமெரிக்கச் சங்கத்தின் நெறிமுறை இப்படிச் சதவீதக் கமிஷன் வாங்குவதைத் தடை செய்திருக்கிறது. காரணம் எளிது. கொடுப்பவர் ஒரு குழந்தையின் படிப்புக்கு என்று நம்பித் தரும் பணத்தில் ஒரு பங்கு கேட்டவரின் பைக்குப் போனால், அந்த நம்பிக்கை உடைந்துவிடும். கேட்பவருக்கும் இன்றே வாங்கிவிட வேண்டும் என்ற பதற்றம் வரும். இன்று வேண்டாம், யோசித்துச் சொல்லுங்கள் என்று சொல்ல மனம் வராது. பெரிய நன்கொடைகள் பல வருஷப் பழக்கத்தில் கனிபவை. அதற்குப் பின்னால் களப்பணியாளரிலிருந்து கணக்காளர் வரை எத்தனையோ பேருடைய உழைப்பு இருக்கும். கடைசியில் காசோலையை வாங்கியவருக்கு மட்டும் பங்கு என்பது எந்த நியாயம்?

அவசரப்படுத்தினால் என்ன ஆகும் என்பதைப் பிரிட்டன் பார்த்துவிட்டது. அங்கே வயதானவர்களுக்குக்கூட ஓயாமல் நன்கொடை கேட்டுக் கடிதங்களும் அழைப்புகளும் போய்க்கொண்டிருந்தன. கொடுத்தவர்களின் பெயர், முகவரிகள் கைமாறின. 2015-ல் மக்களின் கோபம் வெடித்தது. மறு வருஷமே நிதி திரட்டலைக் கண்காணிக்கத் தனி அமைப்பு ஒன்றை ஏற்படுத்தினார்கள். முறையாகப் பயிற்சி பெற்றவர்கள் இந்த வேலைக்கு வர வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கஷ்டங்களையும் சொல்லிவிடுகிறேன். சம்பளம் பெரும்பாலும் கம்பெனி வேலை அளவுக்கு இருக்காது. இலக்கு உண்டு, அதன் அழுத்தமும் உண்டு. பத்து பேரிடம் பேசினால் பலர் மறுப்பார்கள். அதை மனதில் ஏற்றிக்கொள்ளாத பக்குவம் வேண்டும். சின்ன நிறுவனங்களில் எழுதுவது, விழா நடத்துவது, கணக்கு பார்ப்பது எல்லாம் ஒரே ஆள் தலையில் விழும். அதில் சோர்ந்துபோய் சீக்கிரமே வெளியேறியவர்களைப் பார்த்திருக்கிறேன். சரி, ஒருவேளை மகளும் பிறகு வேறு துறைக்கு மாற நினைத்தால்? தெளிவாக எழுதுவது, பட்ஜெட் போடுவது, முன்பின் தெரியாதவரிடம் மரியாதையாகப் பேசுவது ஆகியவை எந்த வேலைக்கும் கைகொடுக்கும்.

இப்போதைக்கு அவள் செய்ய வேண்டியது, ஒரு நிறுவனத்தில் சில மாதம் தன்னார்வலராக இருந்து பார்ப்பது. கூடவே எக்செல்லும் அடிப்படைக் கணக்கியலும் கற்றுக்கொள்ளட்டும். நன்றாகப் பேசத் தெரிந்து வரவு செலவு அறிக்கை படிக்கத் தெரியாதவர்களால் இந்தத் துறையில் வெகுதூரம் போக முடிவதில்லை.

நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது அவளும் கேள்வி கேட்கட்டும். இலக்கை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? தணிக்கை செய்த கணக்கைப் பார்க்கலாமா? நன்கொடையாளரின் விவரங்களை யாரெல்லாம் பார்க்க முடியும்? தவறான வழியில் வந்த பணம் என்று தெரிந்தால் மறுத்திருக்கிறீர்களா? இதற்கு முன் இந்த வேலையில் இருந்தவர் எத்தனை நாள் இருந்தார், ஏன் போனார்? இந்தக் கடைசிக் கேள்விக்கு நேரான பதில் வரவில்லை என்றால், வேறு இடம் பார்க்கச் சொல்லுங்கள்.