சிங்கப்பூர் போகும் அம்மாவின் பெட்டியில் என்ன இருக்கட்டும்?

கேள்வி: அம்மாவுக்கு வயது 63, திருச்சியில் இருக்கிறார். பல வருடங்களாகச் சர்க்கரை. மாத்திரையோடு இரவில் இன்சுலினும் போடுகிறார். பிரஷர் மாத்திரையும் உண்டு. தம்பி மனைவியின் பிரசவத்துக்காக டிசம்பரில் சிங்கப்பூர் போய் இரண்டு மாதம் தங்கப் போகிறார். அந்த ஊர் க்ளைமேட் ஒத்துக்கொள்ளுமா? மருந்து, துணிமணி என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

பதில்: சர்க்கரையும் பிரஷரும் கட்டுப்பாட்டில் இருந்தால் தாராளமாகப் போய் வரட்டும். திருச்சியின் மே மாத வெயிலைத் தாங்கியவருக்கு அங்குள்ள வெயில் பெரிதாகத் தெரியாது. பகலில் 30, 32 டிகிரி, இரவில் 24, 25. வருடம் முழுக்க ஏறக்குறைய இதேதான். படுத்துவது ஈரப்பதம். விடியற்காலையில் 90 சதவீதத்தைத் தாண்டிவிடும். வியர்வை காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? அங்கே அது காயாமல் வழிந்துகொண்டே இருக்கும். டிசம்பர், ஜனவரி மழைக்காலம் வேறு. அதனால் ஈரத்தை மனதில் வைத்துப் பெட்டி கட்டுங்கள்.

முதலில் இன்சுலின். அது கைப்பையில்தான் போக வேண்டும். செக்-இன் பெட்டியில் வைத்தால் உறைந்துபோகலாம். ஒருமுறை உறைந்ததை, உருகிய பிறகும் போடக்கூடாது. ஐஸ் பேக் வைத்தால் துண்டில் சுற்றி வையுங்கள், மருந்தோடு ஒட்ட வேண்டாம். போய்ச் சேர்ந்ததும் திறக்காதவை ஃப்ரிட்ஜுக்குள் (ஃப்ரீசரில் அல்ல). உபயோகத்தில் இருக்கும் இன்சுலின் பேனா (பேனா வடிவ ஊசி), 30 டிகிரிக்குக் கீழே பெரும்பாலும் 4 வாரம் தாங்கும். பகலில் ஏசி ஓடாத வீடென்றால் அடுப்பு, ஜன்னல் பக்கம் இல்லாத நிழலான அலமாரியில் வைக்கட்டும்.

பலரும் கவனிக்காதது சுகர் டெஸ்ட் ஸ்ட்ரிப். ‘எடுக்கச் சுலபம்’ என்று ஐந்தாறை உருவி மெஷின் பவுச்சில் செருகி வைப்பார்கள். அந்தச் சின்ன டப்பாவுக்குள் ஈரத்தை உறிஞ்சும் பொருள் இருக்கிறது. வெளியே எடுத்து வைத்த ஸ்ட்ரிப் ஈரக்காற்றில் கெட்டு, தப்பான அளவைக் காட்டும். அதை நம்பி இன்சுலினைக் கூட்டினால் வம்பு. ஒன்றை எடுத்தவுடன் மூடியை இறுக்கி மூடச் சொல்லுங்கள். மாத்திரைகளையும் அட்டையிலிருந்து பிரித்துக் கொட்டி வைக்க வேண்டாம்.

சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவுவரை மருந்து கொண்டு போகலாம். மருத்துவர் சீட்டில் மருந்தின் மூலப்பெயர் எழுதியிருக்கட்டும். நம் ஊர் பிராண்டுப் பெயர் அங்கே புரியாது. அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து இருந்தால் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையத்தின் விதிகளைப் பார்த்து, தேவையானால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். இருமல் மருந்தை விட்டுவிட்டே போகலாம். பிரசவ வீட்டுக்கு மசாலா சாமான் கட்டும்போது கசகசா சேர்க்க வேண்டாம். அங்கே அது போதைப்பொருள் சட்டத்தில் சிக்கும் சரக்கு.

அடுத்தது கால். என்னிடம் கேட்டால், பெட்டியில் பாதிக் கவனம் காலுக்குத்தான். பயணத்துக்கென்று புதுச் செருப்பு வேண்டாம், பழகியதே போதும்; மழையில் நனைந்தால் மாற்ற இன்னொரு ஜோடியும் வேண்டும். குளித்ததும், நனைந்து வந்ததும் விரல் இடுக்கைத் துணியால் ஒற்றித் துடைத்து, ராத்திரி படுக்கும் முன் பாதத்தைப் பார்க்கட்டும். குனிய முடியாவிட்டால் தம்பி பார்க்கட்டும். விரல் இடுக்கு, மார்புக்குக் கீழ், தொடை இடுக்கில் அரித்தால் அது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. க்ளோட்ரிமசோல் க்ரீம் ஒன்று எடுத்துப் போகலாம். மெடிக்கல் ஷாப்பில் ‘எல்லாத்துக்கும் கேக்கும்’ என்று கொடுக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு மட்டும் வேண்டவே வேண்டாம். இரண்டு நாள் அரிப்பை அடக்கிவிட்டு அப்புறம் படர விடும்.

துணி விஷயத்தில் அம்மாவுக்கே தெரியும். உள்ளாடையும் ரவிக்கையும் மட்டும் கூடுதலாக இருக்கட்டும், மழை நாளில் சீக்கிரம் காயாது. ரயிலிலும் மால்களிலும் ஏசி நடுக்கும், மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று போதும்.

சிங்கப்பூரில் டெங்கு உண்டு. அந்தக் கொசு பகலில் கடிக்கும் என்பதால் வெளியே போகும்போது கொசுவிரட்டி தடவ வேண்டும். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரைகள் கூடாது. ஊர் திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தாலும் டாக்டரிடம் சிங்கப்பூர் போய் வந்ததைச் சொல்லுங்கள்.

பயணக் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள சர்க்கரை, பிரஷருக்கும் பாதுகாப்பு உண்டா என்று படித்துப் பார்த்து எடுங்கள். அங்கே ஆஸ்பத்திரிச் செலவு அதிகம், விசிட்டருக்கு அரசு மானியம் கிடையாது.

எந்த இன்சுலின், எந்தப் பிரஷர் மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் என்பதால், ஊசி நேரத்தை எப்படி மாற்றுவது என்று அம்மாவின் டாக்டரிடம் கேளுங்கள். பிரஷர் மாத்திரையில் நீர் பிரிய வைக்கும் மருந்து சேர்ந்திருந்தால், இவ்வளவு வியர்க்கும் ஊரில் அளவு மாற்ற வேண்டுமா என்றும் கேளுங்கள். கிளம்பும் முன் ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) பார்த்துவிடுவது நல்லது.