ஒட்டுண்ணிகளின் உயிர்க்கடிகாரம்: கேள்வி பதில்

கே: யானைக்கால் பரிசோதனைக்கு ராத்திரியில் வந்து ரத்தம் எடுக்கிறார்கள். பகலில் எடுத்தால் என்ன மேடம்?

ப: பகல் ரத்தத்தில் புழு பெரும்பாலும் சிக்காது. வுச்சரேரியா பான்கிராஃப்டியின் இளம்புழுக்களான மைக்ரோஃபைலேரியாக்கள் பகலெல்லாம் நுரையீரல் ரத்தக்குழாய்களில் தங்கிவிடும். இரவு 10 மணிக்கு மேல் 2 மணி வரை தோலருகே ஓடும் ரத்தத்தில் ஏராளமாக இருக்கும். நம்மூரில் இதைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு கடிப்பதும் இரவில்தான். தென் பசிபிக் தீவுகள் சிலவற்றில் பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு இதே புழுவைப் பரப்புகிறது. அங்கே பகல் ரத்தத்திலும் புழு இருக்கும்.

கே: நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு?

ப: 1881-லேயே லண்டனில் ஸ்டீபன் மெக்கன்சி என்ற மருத்துவர் சோதித்துவிட்டார். நோயாளியைப் பகலில் தூங்கவைத்ததும் சில நாட்களில் புழுவின் நேரமும் தலைகீழானது.

கே: மலேரியா மாத்திரையை எந்த நேரத்தில் போட்டால் நன்றாக வேலை செய்யும்?

ப: டாக்டர் சொன்ன நேரத்தில், சொன்ன நாள் வரைக்கும். கடிகார ஆராய்ச்சியைப் படித்துவிட்டு மருந்து நேரத்தை நீங்களாக மாற்றவே மாற்றாதீர்கள்.

கே: எலிக்குச் சாப்பாட்டு நேரத்தை மாற்றினால் மலேரியா ஒட்டுண்ணியின் நேரமும் மாறுகிறதே. அப்படியென்றால் ஓடுவது எலியின் கடிகாரம்தான். ஒட்டுண்ணிக்குத் தனியாக ஒன்று எதற்கு?

ப: இதைத்தான் யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தேன். நீங்கள் சொல்வது உண்மை. இரவில் மேயும் எலிக்குப் பகலில் மட்டும் உணவு வைத்தால், ஒட்டுண்ணி வளர்ந்த சிவப்பணுக்கள் வெடிக்கும் வேளையும் பகலுக்கு வந்துவிடும். ஆனால் 2020-இல் ஃபிலிபா ரிஜோ ஃபெரைரா, ஜோசப் தகஹாஷி குழுவினர் செய்ததைப் பாருங்கள். உடற்கடிகாரத்தை ஓட்டும் கிரை மரபணுக்கள் இரண்டையும் இழந்த எலிகளுக்கு முழு இருட்டில் நாளொழுங்கே கிடையாது. அவற்றுக்குள்ளும் எலி மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் சபாடி தன் 24 மணிச் சுற்றை விடவில்லை. ஒட்டுண்ணிகளின் நேரங்கள் ஒன்றுக்கொன்று மெதுவாக விலகிப்போயின, அவ்வளவுதான். தாளம் ஒட்டுண்ணியினுடையது, அதைச் சேர்த்து நிறுத்துவது எலி. மற்ற மலேரியா ஒட்டுண்ணிகளின் சுற்றும் நோலேசி 24 மணி, ஃபால்சிபேரமும் வைவாக்ஸும் 48, மலேரியே 72 என்று எல்லாமே 24-இன் மடங்குகளாக இருப்பதையும் யோசியுங்கள்.

கே: சாப்பிட்ட பிறகா, முன்பா? மாத்திரையைத்தான் கேட்கிறேன்.

ப: மேலே சொல்லிவிட்டேன். டாக்டரிடம் கேளுங்கள்.

கே: முன்பு கேட்டவன்தான். பெர், கிளாக், பிமால்1 போன்ற கடிகார மரபணுக்கள் எதுவும் பிளாஸ்மோடியத்தில் இல்லை. மரபணுவைக் காட்டாமல் கடிகாரம் என்று எப்படி ஒப்புக்கொள்வது?

ப: 1971-இல் கொனோப்காவும் பென்சரும் பழ ஈயின் நாள்தாளத்தை மாற்றும் பீரியட் மரபணுப் பிறழ்வுகளைக் கண்டார்கள். அந்த மரபணு பிரித்தெடுக்கப்பட்டது 1984-இல். நடுவில் இருந்த ஆண்டுகளில் ஈக்குக் கடிகாரம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. உறக்க நோய் தரும் டிரிபனோசோமா புரூசியிலும் அந்த மரபணுக்கள் கிடையாது. ஆனாலும் உடலுக்கு வெளியே வளர்க்கும்போதே அதில் 24 மணித் தாளம் இருப்பதை 2017-இல் காட்டினார்கள். அந்தக் கடிகாரத்தின் உறுப்புகளைத் தேடும் வேலை பாக்கியிருக்கிறது என்பதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன்.

கே: உறக்க நோயாளி எப்போதும் தூங்கிக்கொண்டே இருப்பாரா?

ப: இல்லை. இரவில் விழிப்பார், பகலில் சாய்வார். மொத்தத் தூக்கம் பெரிதாகக் கூடுவதில்லை. நேரம்தான் குலைகிறது. தொற்றிய எலிகளில் உடற்கடிகாரமே வேகமாக ஓடுவதையும் பார்த்திருக்கிறார்கள்.

கே: மாத்திரையை ராத்திரி போடலாமா?

ப: மூன்றாவது முறை. டாக்டர்.