கவுன்சிலர் எதிரே யார் உட்கார்வது?

அன்புள்ள அக்கா,

கலிஃபோர்னியாவின் பே ஏரியாவில் பல வருடங்களாக இருக்கிறோம். மகன் இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிறான். விண்ணப்பித்த யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழக) வளாகங்களில் ஒன்றில்கூட கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கவில்லை. கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் படித்துவிட்டு யூசிக்கு மாறிக்கொள்ளலாம் என்கிறார்கள். அது சரியாக வருமா? கோயம்புத்தூரிலிருந்து சொந்தக்காரர்கள் 'எந்தக் காலேஜ்?' என்று கேட்டால் என் மனைவி பேச்சை மாற்றிப் போனை வைத்துவிடுகிறாள். அந்தக் காலேஜ் கவுன்சிலரை, அதாவது படிப்பு ஆலோசகரை, பார்க்க அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். அரை மணி நேரம்தான் கொடுத்தார். நான் கேட்ட கேள்விக்கெல்லாம் அவனைப் பார்த்தே பதில் சொன்னார். அடுத்த வாரம் போன் செய்தால், மாணவரிடம்தான் பேசுவோம் என்கிறார்கள். ஃபீஸ் கட்டப்போவது நான்தானே? தனியார் கன்சல்டன்ட் ஒருவர் நாலாயிரம் டாலருக்கு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். அவரிடம் போகலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சொந்தக்காரர்கள் விஷயத்தை முதலிலேயே தள்ளிவைத்துவிடுவோம். எந்தக் காலேஜ் என்று கேட்டால் காலேஜின் பெயரைச் சொல்லுங்கள். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் அம்மா பேச்சை மாற்றுவதை அடுத்த அறையிலிருந்து பையன் கேட்டுக்கொண்டிருப்பான். உங்கள் மனைவியிடம் அதை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள்.

மாறுவது சரியாக வருமா என்றால், வரும். இடம் கிடைக்காதவர்களுக்காகப் பிற்பாடு திறந்துவிட்ட வழி அல்ல இது. கலிஃபோர்னியா 1960-இல் போட்ட உயர்கல்வித் திட்டமே இதை நம்பித்தான் போடப்பட்டது. பள்ளி முடிப்பவர்களில் மேல்நிலையில் இருக்கும் எட்டில் ஒரு பங்கினர் யூசிக்குப் போகலாம், மூன்றில் ஒரு பங்கினர் மாநிலக் கல்லூரிகளுக்குப் போகலாம், ஜூனியர் காலேஜ் (இன்றைய கம்யூனிட்டி காலேஜ்) எல்லோருக்கும் திறந்திருக்கும், அங்கே நன்றாகப் படிப்பவர் மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்தில் சேரலாம் என்பது ஏற்பாடு. இன்று மாநிலத்தில் இப்படி 116 கல்லூரிகள் இருக்கின்றன. மாநிலவாசிக்கு ஒரு செமஸ்டர் யூனிட்டுக்கு (பாடங்களை அளக்கும் கணக்கு அது) 46 டாலர், 2012-இலிருந்து அதே கட்டணம். மாறுவதற்கு வேண்டிய 60 யூனிட்டுக்கும் சேர்த்து 2,760 டாலர். உங்கள் கன்சல்டன்ட் கேட்பது இரண்டு வருடப் படிப்புக் கட்டணத்தைவிட அதிகம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். மாநிலத் தணிக்கையாளர் 2024-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். பல்கலைக்கழகத்துக்கு மாற வேண்டும் என்ற எண்ணத்தோடு இந்தக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் நான்கு வருடத்துக்குள் மாறியிருக்கிறார். மற்றவர்களுக்கு மூளை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பணம், வேலை, குடும்பம் என்று பலருக்கும் பல காரணங்கள். அவற்றோடு, யாரும் உட்கார்ந்து சொல்லித்தராததால் மட்டும் வழி தவறிப்போனவர்களும் நிறைய. கால்குலஸ் வரிசையில் ஒரு பாடத்தைத் தவறவிட்டால் அடுத்தது தள்ளிப்போகும், அதைச் சார்ந்த பிசிக்ஸ் தள்ளிப்போகும், அதோடு ஒரு வருடம் போய்விடும். ஒரே கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு பெர்க்லி கேட்கும் பாடங்கள் வேறு, டேவிஸ் கேட்பவை வேறு. எந்தக் காலேஜின் எந்தப் பாடத்தை எந்தப் பல்கலைக்கழகம் ஏற்கும் என்று அசிஸ்ட் என்ற பொதுத் தளத்தில் போட்டிருக்கிறார்கள். இலவசம்தான். ஆனால் அப்படி ஒன்று இருப்பதே பல பிள்ளைகளுக்கு இரண்டாம் வருடத்தில்தான் தெரியவருகிறது.

அதனால்தான் உங்கள் கடிதம் வந்ததும் மற்ற கடிதங்களை ஒதுக்கிவிட்டு இதை எடுத்துக்கொண்டேன். கம்யூனிட்டி காலேஜைப் பற்றிப் பேசுகிறவர்கள் கட்டணத்தைப் பேசுவார்கள், ஆசிரியர்களைப் பேசுவார்கள். நூலகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்திருக்கும் கவுன்சிலரை யாரும் பேசுவதில்லை. என்னைக் கேட்டால் இந்தக் கல்லூரிகளின் உயிர் அந்த அறையில்தான் இருக்கிறது.

இப்போது உங்களைக் கொஞ்சம் திட்ட வேண்டும். கடிதத்தில் நீங்கள் இருக்கிறீர்கள், உங்கள் மனைவி இருக்கிறார், கோயம்புத்தூர் இருக்கிறது, கன்சல்டன்ட்டும் இருக்கிறார். உங்கள் மகன் சொன்னதாக ஒரு வாக்கியம்கூட இல்லை. கவுன்சிலர் அறையில் அவன் வாயைத் திறந்தானா? கேள்விகளை எல்லாம் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அவர் அவனைப் பார்த்துப் பதில் சொன்னாராம், அது உங்களுக்கு மரியாதைக் குறைவாகப் பட்டிருக்கிறது. அந்த அரை மணி நேரத்தில் உங்கள் மகனுக்கு மரியாதை கொடுத்த ஒரே ஆள் அவர்தான். உங்களிடம் போனில் பேச மறுத்ததும் திமிரினால் அல்ல. 1974-இல் வந்த ஃபெர்பா சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து மாணவனின் கல்விப் பதிவுகள்மேல் உரிமை மாணவனுக்குத்தான். பதினெட்டு வயது ஆகாவிட்டாலும் அப்படித்தான். ஃபீஸ் யார் கட்டுகிறார் என்பது அங்கே கேள்வியே இல்லை.

கவுன்சிலர் சொல்வதெல்லாம் வேதம் என்று நான் சொல்லவரவில்லை. இந்த ஊருக்கே அதில் ஒரு பழைய கதை உண்டு. பர்ட்டன் கிளார்க் என்ற சமூகவியலாளர் சான் ஹோசே ஜூனியர் காலேஜை ஆராய்ந்து 1960-இல் எழுதியது அது. பல்கலைக்கழகக் கனவோடு வருகிற, ஆனால் மதிப்பெண் குறைந்த பிள்ளைகளைக் கல்லூரி முகத்தில் அடித்தாற்போல் மறுப்பதில்லை என்றார். நுழையும்போதே ஒரு சோதனை, பிறகு கவுன்சிலருடன் ஒரு பேச்சு, கல்லூரி அறிமுகம் என்று ஒரு வகுப்பு, இடையில் குறைந்த மதிப்பெண்ணுக்கு எச்சரிக்கைக் கடிதம். எல்லாம் கோப்பில் சேர்ந்துகொண்டே வரும். கடைசியில் அந்தப் பிள்ளை தானாகவே, சரி, எனக்கு இது வராது, ஒரு தொழிற்படிப்பு போதும் என்று முடிவு செய்துவிடும். சண்டை இல்லை, சத்தம் இல்லை, ஆசை மட்டும் ஆறிப்போயிருக்கும். எல்லோருக்கும் இடம் உண்டு என்று வாக்குக் கொடுத்த சமூகம், அந்த வாக்கை முழுசாகக் காப்பாற்ற முடியாதபோது இப்படித்தான் சமாளிக்கிறது என்பது கிளார்க்கின் விளக்கம். அந்த வேலையின் நடுவில் அவர் கண்டது கவுன்சிலரைத்தான்.

அதை வாசித்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம், கவுன்சிலருக்கு எதிரே உள்ள அந்த நாற்காலியில் நானே உட்கார்ந்திருக்கிறேன்.

கல்யாணமாகி, வேலைக்கு வந்தவரின் மனைவிக்குத் தரும் எச்-4 விசாவில் இங்கே வந்தவள் நான். திருநெல்வேலிப் பக்கம் அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. வேதியியல் படித்திருந்தேன். மகள் கொஞ்சம் வளர்ந்ததும் கம்யூனிட்டி காலேஜுக்குப் போனேன். காலேஜின் பெயர் இங்கே வேண்டாம். கவுன்சிலர் என் மதிப்பெண் பட்டியலை வாங்கிப் பார்த்தார். வேதியியலில் 68. அமெரிக்கக் கணக்கில் 68 என்றால் டி, தோல்விக்கு ஒரு படி மேல். அவர் முகத்தில் ஒரு பரிவு வந்தது, அதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. குழந்தை இருக்கிறதல்லவா, குழந்தை வளர்ச்சிப் பாடத்தில் 12 யூனிட் முடித்தால் பிரீஸ்கூலில் ஆசிரியர் வேலை கிடைக்கும், உங்களுக்கு எளிதாக இருக்கும் என்றார். அந்த 12 யூனிட் நல்ல படிப்பு. எனக்குத் தெரிந்த எத்தனையோ தமிழ்ப் பெண்கள் அதைப் படித்து மனநிறைவோடு வேலை செய்கிறார்கள். ஆனால் என் விசாவில் அப்போது நான் எந்த வேலையும் செய்யக் கூடாது என்பதை அவர் கேட்டுத் தெரிந்துகொள்ளவே இல்லை. எங்கள் பல்கலைக்கழகத்தில் 60-க்கு மேல் எடுத்தால் முதல் வகுப்பு என்பதும் அவருக்குத் தெரியாது. கேட்டால் மட்டும் பதில் சொல்லும்படி வளர்க்கப்பட்டவள் நான். தலையாட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த செமஸ்டரில் வேறு ஒருவர் இருந்தார், ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். அதே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த 68-க்கு உங்கள் ஊரில் என்ன மதிப்பு?" என்று கேட்டார். முதல் வகுப்பு என்றேன். பிராக்டிகலில் என்னவெல்லாம் செய்தீர்கள் என்றார். டைட்ரேஷன், சால்ட் அனாலிசிஸ் என்று சொல்ல ஆரம்பித்து, எப்போது நிறுத்தினேன் என்று எனக்கே தெரியாது. என் விசாவைக் கேட்டார். வேலை செய்ய முடியாவிட்டாலும் படிக்கலாமே என்று சொல்லி, பயோடெக் லேப் டெக்னீஷியன் சான்றிதழுக்கான பாடங்களை வரிசையாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். கலிஃபோர்னியாவில் ஒரு வருடமும் ஒரு நாளும் வசித்திருந்தால் எச்-4 விசாக்காரர்களும் மாநிலவாசிக் கட்டணத்துக்குத் தகுதி பெறலாம் என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வெளிமாநிலக் கட்டணம் கட்ட எங்களால் முடிந்திருக்காது. கிளம்பும்போது, சந்தேகம் வந்தால் வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. அடுத்த மாதத்தில் ஒரு நாளை அவரே குறித்து, கட்டாயம் வர வேண்டும் என்றார்.

இருவருக்கும் இருந்தது அதே அரை மணி நேரம்தான். முதலாமவர் கெட்டவர் இல்லை. ஆனால் இரண்டாமவர் நான் வந்து கேட்பேன் என்று காத்திருக்கவில்லை. வருடக்கணக்காக நான் மனதில் போட்டுப் புரட்டிக்கொண்டிருப்பது இதைத்தான். வீட்டில் யாரும் கல்லூரிப் பக்கம் போகாத பிள்ளைக்கு, இந்த நாட்டுக்குப் புதிதாக வந்த குடும்பத்துப் பிள்ளைக்கு, என்ன கேட்க வேண்டும் என்பதே தெரியாது. தெரியாதவர்களிடம் போய், தெரியாததை வந்து கேளுங்கள், கதவு திறந்துதான் இருக்கிறது என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

ஹேவர்டில் சாபோ காலேஜ் இருக்கிறது, உங்களுக்கு அதிக தூரம் இருக்காது. அங்கே ஃபீலிக்ஸ் கலாவிஸ் என்ற கவுன்சிலரும் பாட்ரிசியா மெக்ராத் என்ற ஆங்கில ஆசிரியரும் லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களிலிருந்து வந்த மாணவர்களின் மதிப்பெண் பட்டியல்களை, இரண்டாயிரம் இருக்கும், எடுத்து வைத்துப் பார்த்தார்கள். மூன்று விஷயங்கள் திரும்பத் திரும்ப வந்தன. இந்தப் பிள்ளைகள் கவுன்சிலரிடம் போவதில்லை, கல்லூரித் தர ஆங்கில எழுத்து வகுப்பில் சேர்வதில்லை, குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். பிள்ளைகள் வரவில்லையே என்று குறைசொல்லிக்கொண்டு அவர்கள் சும்மா இருக்கவில்லை. 1981-இல் புவெந்தே என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். ஆங்கில வகுப்போடு கவுன்சிலரையும் சேர்த்துக் கட்டினார்கள். அதே சமூகத்திலிருந்து படித்து வேலைக்குப் போனவர்களை வழிகாட்டிகளாக அழைத்துவந்தார்கள். இன்று அது கலிஃபோர்னியா முழுக்கப் பல கல்லூரிகளில் நடக்கிறது.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் கம்யூனிட்டி காலேஜ்களில் 2007-இல் ஆரம்பித்த ஏசாப் திட்டமும் இதே வழிதான். வழக்கமாக ஓர் ஆலோசகருக்கு 600 முதல் 1,500 மாணவர்கள் வரை இருந்த இடத்தில், இந்தத் திட்டத்தில் அப்போது 60 முதல் 80 பேர்தான் இருந்தார்கள். மாணவர் அடிக்கடி வந்து பார்த்தே ஆக வேண்டும், வந்தால்தான் பயண அட்டை கிடைக்கும். பாடப் புத்தகச் செலவும், உதவித்தொகைபோக மீதிக் கட்டணமும் திட்டத்தோடு போய்விடும். குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம் பேர் மூன்று வருடத்தில் பட்டம் வாங்கினார்கள், மற்ற குழுவில் 22 சதவீதம். தலைக்குச் செலவு கூடியது உண்மை. ஆனால் பட்டம் வாங்கியவர் கணக்கில் வகுத்துப் பார்த்தால் செலவு குறைந்திருந்தது. கவுன்சிலர் வேலை ஓர் உபரி வசதி, பட்ஜெட் இடித்தால் முதலில் அங்கே கைவைக்கலாம் என்று நினைக்கும் நிர்வாகிகளை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

உங்கள் மகன் அப்படி ஒன்றும் தெரியாத வீட்டுப் பிள்ளை அல்லவே என்பீர்கள். இந்தத் தலைமுறை இஞ்சினியர் அப்பாக்களிடம் நான் பார்க்கும் சங்கடமே அதுதான். உங்களுக்கு எல்லாம் தெரியும், அதனால் அவனுக்குக் கேட்க எதுவுமே மிஞ்சவில்லை. கேட்டுப் பழகாத பிள்ளை கம்யூனிட்டி காலேஜில் மிகவும் கஷ்டப்படும். அங்கே கூப்பிட்டுச் சொல்ல ஆள் குறைவு.

கன்சல்டன்ட் வேண்டாம். அவர் செய்வதாகச் சொல்வதில் பெரும்பகுதியைக் பல்கலைக்கழகத்துக்கு மாற உதவும் காலேஜின் டிரான்ஸ்ஃபர் சென்டரில் காசில்லாமல் செய்துதருவார்கள். முதல் செமஸ்டர் தொடங்கிய கையோடு கவுன்சிலரிடம் அவனே நேரம் வாங்கட்டும், அவனே தனியாகப் போகட்டும். போகும் முன் அசிஸ்ட் தளத்தில் நாலைந்து வளாகங்களின் பாடப் பட்டியலை எடுத்துக்கொள்ளட்டும். செமஸ்டர் வாரியாக எஜுகேஷன் பிளான் ஒன்றை எழுத்தில் வாங்கிக்கொண்டு வரட்டும். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு யூசி வளாகங்கள் தகுதியை நிறைவுசெய்யும் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கு இட உத்தரவாதம் தருகின்றன. ஒரு வளாகத்துக்குத்தான் கேட்க முடியும், மாறுவதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பருக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸ் போன்ற சில பிரிவுகளுக்குச் சில வளாகங்கள் அந்த உத்தரவாதம் தருவதில்லை.

ஆகவே முதலில் ஒன்று செய்யுங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டும் என்று சொன்னது அவனா நீங்களா? இன்றைக்கு ராத்திரி அவனிடமே கேளுங்கள், கேட்டுவிட்டு அவன் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். அப்புறம் எழுதுங்கள், எந்த வளாகம் என்பதைப் பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா