பாட்டும் பாடமும்: ஆச்சியிடம் கேளுங்கள்
(கச்சேரியும் பாடி, கல்லூரியிலும் கற்பிக்கும் வாய்ப்பாட்டுக்காரர் ஆச்சி)

கேள்வி (புதுவயல்): ஆச்சி, எம்.ஏ. இசை முடித்திருக்கிறேன். கல்லூரி வேலைக்கு நெட் கட்டாயமா?

பதில்: வழக்கமான வழி நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வு அல்லது முனைவர் பட்டம். இசைக்கு இன்னொரு கதவும் உண்டு. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிகளின்படி, பேர்பெற்ற குருவிடம் பயின்று, வானொலியிலோ தூர்தர்ஷனிலோ 'ஏ' கிரேடு பெற்ற பட்டதாரிக் கலைஞரும் உதவிப் பேராசிரியர் ஆகலாம். பாடத்தை விளக்கவும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் குரல் தேர்வில் 'பி', 'பி ஹை' என்று தரம் ஏறி 'ஏ' வாங்க வருஷக்கணக்கில் ஆகும். நெட்டையும் எழுதிவிடுங்கள்.

கேள்வி (தேவகோட்டை): தினமும் வகுப்பெடுத்தால் குரல் போய்விடாதா?

பதில்: போகும். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு. மேடையில் மூச்சை அடிவயிற்றிலிருந்து எடுக்கிற நாமே வகுப்பில் மின்விசிறிச் சத்தத்தை மீறத் தொண்டையால் கத்துகிறோம். மைக் கேட்டு வாங்குங்கள். "சின்ன ஹால்தானே மேடம்" என்பார்கள், விடாதீர்கள். கச்சேரியன்று வகுப்பை மாற்றிக்கொள்ளுங்கள். சென்னையில் பாட வேண்டுமானால் அன்று விடியலில் பல்லவன் ரயிலைப் பிடிக்காமல் முதல் நாளே போய்ச் சேருங்கள்.

கேள்வி (பள்ளத்தூர்): மார்கழியில் லீவு கிடைக்குமா?

பதில்: சீசனும் செமஸ்டர் விடைத்தாளும் சேர்ந்தே வரும். ஆகஸ்டிலேயே விண்ணப்பம் கொடுங்கள். சன்மானம் உண்டென்றால் அதையும் எழுதி, அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி (கானாடுகாத்தான்): நம்ம ஊர் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தமிழ்ப் பாட்டு மேடையேற வேண்டும் என்று 1943இல் தமிழ் இசைச் சங்கம் கண்டார். நீங்களோ தெலுங்குக் கீர்த்தனை பாடுகிறீர்கள்!

பதில்: தியாகராஜரை விட மாட்டேன். தமிழுக்குக் குறை வைத்ததும் இல்லை. கோபாலகிருஷ்ண பாரதியின் தமிழ்க் கீர்த்தனையை ஆபோகி ராகத்தில் ஆலாபனை, நிரவல், ஸ்வரத்தோடு மெயினாகவே, அதாவது கச்சேரியின் முக்கிய உருப்படியாகவே, பாடுகிறேன். எத்தனை தமிழ்ப் பாட்டு என்று எண்ணுவதை விட்டுவிட்டு, கச்சேரியில் அதற்கு எந்த இடம் என்று பாருங்கள். கடைசியில் துக்கடாவாக, அதாவது சின்னச் சின்னப் பாட்டாக, நாலு பாடிவிட்டுத் தமிழிசை என்பதுதான் எனக்கு ஆகாது.

கேள்வி (காரைக்குடி): குறுக்கே வருகிறேன். காரைக்குடி சாம்பசிவ ஐயர் வீணைக்கு ஏது மொழி?

பதில்: இருக்கிறது தம்பி. சாகித்தியத்தின், அதாவது பாட்டு வரியின், எழுத்து விழுகிற இடத்தில்தான் விரல் தந்தியை மீட்டும். வார்த்தை தெரியாமல் வாசித்தால் வீணையே காட்டிக் கொடுத்துவிடும்.

கேள்வி (கானாடுகாத்தான்): அப்படியென்றால் கேட்பவனுக்கும் வார்த்தை புரிய வேண்டுமே?

பதில்: இந்த இடத்தில் நீங்கள் ஜெயித்தீர்கள். அதனால்தான் அருணாசலக் கவிராயரின் தமிழ்க் கீர்த்தனைகளைப் பாடும்போது பதம் பிரிப்பதில் அவ்வளவு கவனமாக இருக்கிறேன்.

கேள்வி (கோட்டையூர்): குரல் கெடாமலிருக்க என்ன செய்யலாம்?

பதில்: தேவகோட்டைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். மைக்!

கேள்வி (கண்டனூர்): ஒரு மாதமாகத் தொண்டை கட்டியிருக்கிறது. கஷாயம் சொல்லுங்கள்.

பதில்: ஈஎன்டி டாக்டரிடம் போங்கள். இன்றைக்கே.

கேள்வி (குன்றக்குடி): மிருதங்கம் வாசிப்பவருக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் உண்டா?

பதில்: திருச்சி சங்கரன் 1971இலேயே கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்துக்குக் கற்பிக்கப் போனவர், கச்சேரியையும் விடவில்லை. மற்றதை ஒரு லயக்காரரிடம், அதாவது தாளவாத்தியக்காரரிடம், கேளுங்கள், நான் வாய்ப்பாட்டு.