கம்பியும் பூட்டும் – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். தெருவோரம் உட்கார்ந்து சாவி போடுகிறவர்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்ததில் இருந்து எனக்குப் பூட்டுப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஆன்லைனில் ஒரு செட் வாங்கினேன். விதவிதமான கம்பிகள், கூடவே உள்ளே இருப்பதெல்லாம் தெரிகிற பிளாஸ்டிக் பூட்டு ஒன்று. அந்தப் பூட்டை வந்த அன்றைக்கே திறந்துவிட்டேன். இப்போது பேசிக்கொண்டே திறக்கிறேன். ஆனால் வீட்டில் இருக்கிற பூட்டு ஒன்றுகூட மசியவில்லை. கேட்டுப் பூட்டு, மச்சு ரூம் பூட்டு, பீரோ எல்லாவற்றிலும் முயன்று பார்த்தாயிற்று. ஒரு கம்பி வளைந்துபோனதுதான் மிச்சம். பீரோவைக் குடைந்துகொண்டிருந்தபோது அம்மா பார்த்துவிட்டாள். "என்னலே இது களவாணிப்பய வேலை? இதுக்கா ஒன்ன இன்ஜினீயரிங் படிக்க வச்சோம்?" என்று தெருவுக்கே கேட்கும்படி சத்தம் போட்டாள்.

நான் எங்கே தப்பு செய்கிறேன்? இதைக் கற்றுக்கொள்வதே தப்பா? இதனால் ஏதாவது பிரயோஜனம் உண்டா? பதில் எழுதினால் என் பெயரைப் போட வேண்டாம்.

ச., அம்பாசமுத்திரம்

*

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்விக்குப் பதில் சின்னது, அதை முதலில் முடித்துவிடுவோம். பெரிய பிரயோஜனம் ஒன்றும் கிடையாது. சாவியைத் தொலைத்துவிட்டு நடுராத்திரி வாசலில் நிற்கிற அன்றைக்குக் கம்பி வீட்டுக்கு உள்ளே இருக்கும். பக்கத்து வீட்டில் சுத்தியல் வாங்கி உடைப்பதுதான் நடக்கும். பொழுதுபோக்கு என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இல்லை.

அடுத்தது, ஏன் மசியவில்லை என்பது. வீட்டுச் சாவிகளை எல்லாம் ஒரு செய்தித்தாளில் பரப்பி வைத்துப் பாருங்கள். இரண்டு சாதி தெரியும். ஒன்றில் உருண்டையான தண்டு, அதன் நுனியில் மட்டும் படிபடியாக வெட்டிய ஒரு தட்டைத் துண்டு. மற்றது முழுக்கவே தட்டை, விளிம்பு நெடுக மேடும் பள்ளமுமாக வெட்டு. முதல் சாதி லீவர் பூட்டின் சாவி. இரண்டாவது பின் (pin) பூட்டின் சாவி. நீங்கள் வாங்கிய செட் இரண்டாவது சாதிக்கு உரியது. உங்கள் பீரோவிலும் கேட்டிலும் இருப்பது லீவராகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். சாவியைப் பார்த்தால் நிச்சயமாகிவிடும்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் தொங்குகிற கனத்த பூட்டுகள் பெரும்பாலும் லீவர்தான். திண்டுக்கல்லில் இருந்து வந்திருக்கும், இல்லாவிட்டால் அலிகாரில் இருந்து. (திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். குறியீடு வந்த நேரத்தில், கையால் பூட்டு செய்கிற குடும்பங்கள் குறைந்துகொண்டே போவதுதான் வருத்தம்.) அதற்குள் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொரு தகடும் ஒரு முனையில் மாட்டப்பட்டு, ஒரு ஸ்பிரிங்கால் கீழே அழுத்தப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டு. சாவியின் படிகள் எல்லாத் தகடுகளையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால் வெட்டுகள் ஒரே கோட்டில் வரும், தாழில் இருக்கும் முளை அந்த வழியாகப் போகும். குறைவாகத் தூக்கினாலும் வழி அடைபடும், கூடுதலாகத் தூக்கினாலும் அடைபடும். 1778இல் ராபர்ட் பேரன் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்தது இந்தக் கூடுதல் விஷயத்தைத்தான். அதற்கு முந்தைய பூட்டுகளில் போதுமான அளவு தூக்கினாலே திறந்துவிடும். இந்தப் பூட்டை ஆழமான துளைக்குள் இரண்டு கம்பிகளைச் செலுத்தி, ஒன்றால் தாழைத் தள்ளிக்கொண்டே மற்றதால் தகடுகளைத் தூக்கித் திறக்க வேண்டும். அதற்குக் கருவியே வேறு. ஆரம்பக்காரர் தொட வேண்டிய பூட்டு இல்லை. வளைந்தது கம்பியின் குற்றம் அல்ல.

இனி பின் பூட்டு. உருளை ஒன்று, அது சுற்றுவதற்கு ஒரு உடல். இரண்டையும் சேர்த்துத் துளைத்து, துளைக்கு இரண்டு பின்கள் போட்டு, மேலே ஸ்பிரிங் வைத்து மூடியிருப்பார்கள். உள்பின் சாவியைத் தொடும், வெளிப்பின் உருளைக்கும் உடலுக்கும் குறுக்கே கிடந்து சுற்றவிடாமல் தடுக்கும். சரியான சாவி நுழைந்தால் இரண்டு பின்களும் பிரிகிற இடம் உருளையின் விளிம்போடு சமமாகும். எல்லாத் துளையிலும் இப்படி ஆனால் உருளை சுற்றும். அமெரிக்காவில் லைனஸ் யேல் ஜூனியர் 1860களில் இதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். ஆனால் பழங்கால எகிப்தின் மரப்பூட்டிலேயே இந்த யோசனை இருக்கிறது. அங்கே மரமுளைகள் தம் எடையாலேயே தாழின் குழிகளுக்குள் விழும், முளை பதித்த மரச்சாவியால் அவற்றைத் தூக்குவார்கள்.

இதைக் கம்பியால் எப்படித் திறக்க முடிகிறது? எல்லாப் பின்னையும் ஒரே நேரத்தில் தூக்கிப் பிடிக்க யாருக்கும் பத்து கை கிடையாது. அதற்கு அவசியமும் இல்லை. துளைகளை எவ்வளவு கவனமாகப் போட்டாலும் அவை அச்சுப் பிசகாமல் ஒரே நேர்கோட்டில் அமைவதில்லை. தலைமுடி அளவுக்காவது ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் விலகியிருக்கும். எனவே நீங்கள் உருளையைத் திருப்ப முயலும்போது எல்லாப் பின்களும் சேர்ந்து தடுப்பதில்லை. ஏதோ ஒன்றுதான் முதலில் மாட்டிக்கொண்டு முழுப் பாரத்தையும் தாங்குகிறது. மற்றவை சும்மா ஆடிக்கொண்டிருக்கும். மாட்டிய அந்த ஒன்றைக் கண்டுபிடித்துத் தூக்கினால் அது சரியான உயரத்தில் மெல்லச் சொடுக்கும், உருளை மயிரிழை சுற்றும், வெளிப்பின் அந்த விளிம்பில் உட்கார்ந்துகொள்ளும். இப்போது பாரம் வேறொரு பின்னுக்குப் போகும். அதைத் தேட வேண்டும். வரிசைப்படி இருக்காது, மூன்றாவது முதலில் வரலாம், அப்புறம் ஒன்றாவது வரலாம். ஒரே கம்பெனியின் இரண்டு பூட்டுகளில்கூட வரிசை மாறும். மலிவான பூட்டு எளிதில் திறப்பதும் இதனால்தான். கோணல் அதிகம், மாட்டுகிற பின் பளிச்சென்று தெரிந்துவிடுகிறது.

உங்கள் பிளாஸ்டிக் பூட்டு சொல்லித்தராமல் விட்டது இதைத்தான். அதில் பின் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்து, கோட்டுக்கு வந்ததும் நிறுத்திவிடுகிறீர்கள். விரலுக்கு வேலையே இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருமுறை புரிந்துகொள்ள அது நல்ல பொம்மை. இனி கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட்டு அதையே திறந்து பாருங்கள். பேசிக்கொண்டே திறக்க வராது.

சரி, கையை எப்படி வைப்பது? சாவியின் வெட்டு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் பின்கள். அதற்கு எதிர்ப்பக்க ஓரத்தில் 'எல்' வடிவக் கம்பியைச் செருகி, சாவி எந்தத் திசையில் திரும்புமோ அந்தத் திசையில் தள்ளுங்கள். ஆரம்பத்தில் எல்லோரும் கெடுவது இங்கேதான். பூட்டைத் திருகித் திறந்துவிடுவதுபோல அழுத்துவார்கள். அவ்வளவு அழுத்தினால் எல்லாப் பின்னும் இறுகிவிடும், எது மாட்டியது எது மாட்டாதது என்று தெரியாது. நாடி பார்க்கிற வைத்தியர் விரலை வைப்பதுபோல வைத்தால் போதும். பிறகு கொக்கிக் கம்பியால் ஒவ்வொரு பின்னாகத் தொட்டுப் பாருங்கள். எல்லாம் கல்லாக நின்றால் அழுத்தம் அதிகம். எல்லாமே ஸ்பிரிங்காகத் துள்ளினால் அழுத்தம் போதாது. ஒன்று மட்டும் கடினமாகவும் மற்றவை துள்ளலாகவும் இருந்தால் சரியான அளவுக்கு வந்துவிட்டீர்கள். பின் ஒன்றை அளவுக்கு மீறித் தூக்கிவிட்டால் உள்பின்னே விளிம்பைத் தாண்டி மாட்டிக்கொள்ளும். அப்போது எல்லாம் சரியாக உட்கார்ந்ததுபோல இருக்கும், பூட்டு மட்டும் திறக்காது. அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினால் ஒரு பின் 'டிக்' என்று விழுவது கேட்கும். பெரும்பாலும் கூடவே மற்றவையும் விழும். மறுபடி முதலில் இருந்து.

பழகுவதற்குக் கடையில் சின்ன பித்தளைப் பின் பூட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும்போது சாவியைப் பாருங்கள். வெட்டுகள் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்தால் எளிது. பெரிய மேட்டை ஒட்டிப் பெரிய பள்ளம் இருந்தால் கம்பி போய்ச் சேராது. பழைய இரும்புக்கடையில் கதவுப் பூட்டின் உருளை ஏதாவது கிடைத்தால் இன்னும் நல்லது. அதைப் பிரிக்கலாம். ஒரு பின் மட்டும் விட்டு மற்றதை எடுத்துவிட்டுத் திறந்து பழகி, பிறகு இரண்டு, மூன்று என்று ஏற்றிக்கொண்டு போகலாம். பிரிக்கும்போது விளிம்பு உயர்ந்த தாம்பாளத்தில் துண்டை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஸ்பிரிங் எகிறிக் கட்டிலுக்கு அடியில் போனால் திரும்பி வராது.

பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிற பழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கும். பின் பூட்டுக்கு அதைச் செய்யாதீர்கள். முதல் வாரம் வழுக்கும். பிறகு தூசியைப் பிடித்துப் பிசினாகி, பின்கள் பாதியில் நின்றுவிடும். உங்கள் ஊரில் குற்றாலச் சாரலின் ஈரம் வேறு சேரும். பென்சில் கரியைப் பொடியாக்கிச் சாவியில் தடவிப் போட்டு எடுத்தால் போதும்.

வளைந்த கம்பிக்குப் பதிலாகப் பழைய குடைக்கம்பியில் ஒன்று செய்துகொள்ளலாம். ஆக்சா பிளேடிலும் செய்யலாம். சாணைக் கல்லில் தீட்டும்போது அடிக்கடி தண்ணீரில் தோய்க்க வேண்டும். இரும்பு நீலம் பாய்ந்துவிட்டால் உறுதி போயிற்று. கடைசியில் எமரித் தாளில் நன்றாக வழவழப்பாக்குங்கள். சொரசொரப்பு இருந்தால் அந்த உரசல்தான் கைக்கு வரும், பின்கள் பேசுவது வராது.

அந்தக் கட்டுரையில் இடம் இல்லாமல் விட்ட ஒன்றை இங்கே சொல்கிறேன். நெல்லை டவுனில் ரத வீதிப் பக்கம் சாவி போடுகிற பெரியவர் ஒருவரை உட்கார்ந்து கவனித்திருக்கிறேன். அவர் கம்பியைத் தொடவே மாட்டார். வெட்டில்லாத சாவி ஒன்றைப் பூட்டில் விட்டு, குறடால் பிடித்துப் பலமாக இப்படியும் அப்படியும் திருப்புவார். வெளியே எடுத்து வெயிலுக்கு நேராகச் சாய்த்துப் பார்ப்பார். மாட்டியிருக்கும் பின், சாவியின் பித்தளையில் கடுகளவு பளபளப்பாக ஒரு தடம் வைத்திருக்கும். அந்த இடத்தில் அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடி உள்ளே விடுவார். ஒரு பின் சரியான உயரத்துக்கு வந்துவிட்டால் அது தடம் வைப்பதை நிறுத்திவிடும், அடுத்தது வைக்க ஆரம்பிக்கும். நான் மேலே விரலுக்குச் சொன்ன கணக்கை அவர் கண்ணால் போடுகிறார். அம்பையில் அப்படி ஒருவர் இல்லாமல் இருக்க மாட்டார். ஒரு காபி வாங்கிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.

அன்றைக்கு ஒரு பையன் சைக்கிள் பூட்டு ஒன்றைக் கொண்டுவந்தான், சைக்கிள் இல்லாமல் பூட்டு மட்டும். பெரியவர் அதை வாங்கவே இல்லை. "வீட்ல பெரியாளக் கூட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டு அரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பையன் திரும்பி வரவில்லை.

உங்கள் அம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். கற்றுக்கொள்வது தப்பில்லை. 1851இல் லண்டனில் இதே சண்டை நடந்தது. பிக்காடிலியில் பிராமா என்ற பூட்டுக் கம்பெனியின் கடை ஜன்னலில் ஒரு பூட்டை வைத்து, திறப்பவருக்கு 200 கினி (அன்றைய ஆங்கிலேயப் பணம்) என்று பல வருஷமாக எழுதிப் போட்டிருந்தார்கள். ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் 16 நாட்களில் 50 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து அதைத் திறந்துவிட்டார். திருடர்களுக்குப் பாடம் எடுக்கிறார் என்று அவர்மேல் கோபப்பட்டவர்கள் உண்டு. திருடர்களுக்கு இதெல்லாம் நம்மைவிட நன்றாகவே தெரியும், தெரியாமல் இருப்பது பூட்டு வாங்குகிறவருக்குத்தான் என்பது அவர் தரப்பு. நானும் அந்தக் கட்சிதான். நம் ஊர்ப் பேப்பரில் என்ன போடுகிறார்கள்? 'பூட்டை உடைத்து நகை திருட்டு' என்றுதான். கடப்பாரையால் கொண்டியை நெம்புகிறவனுக்குப் பின் வரிசை எதற்கு? பூட்டுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு, கொண்டியை இரண்டு சின்ன திருகாணியில் தொங்கவிடுகிற வீடுகள்தான் அதிகம். உங்கள் வீட்டுக் கொண்டியையும் ஒரு பார்வை பாருங்கள்.

சட்டமும் நோக்கத்தைத்தான் பார்க்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 445ஆவது பிரிவு, வீட்டை உடைத்து நுழைவதற்கான ஆறு வழிகளில் அத்துமீறி நுழைவதற்காகப் பூட்டைத் திறப்பதையும் ஒன்றாகச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது இருக்கிறது. கம்பிகளைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் சுற்ற வேண்டாம். ராத்திரி ரோந்து போலீஸ்காரரிடம் பொழுதுபோக்கு பற்றி விளக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

ஆனாலும் அம்மா சத்தம் போட்டது நியாயம். உலகம் முழுக்க இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள் வைத்திருக்கும் விதி, உன் பூட்டைத் தவிர வேறெதையும் தொடாதே, உன்னுடையதே ஆனாலும் பயன்பாட்டில் இருப்பதைத் தொடாதே என்பது. நீங்கள் இரண்டையும் மீறியிருக்கிறீர்கள். பீரோ அம்மாவுடையது, உள்ளே நகையும் பத்திரமும் இருக்கும். கம்பி வளைந்ததோடு நின்றது நல்ல காலம். நுனி உடைந்து தகடுகளுக்கு நடுவே விழுந்திருந்தால் சாவியும் வேலை செய்யாது, பீரோவை அறுத்துத்தான் திறக்க வேண்டியிருக்கும். கல்யாண சீசனில் அந்த நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

பித்தளைப் பூட்டு கைவந்த பிறகு ஒருநாள், கொஞ்சம் விலை கூடிய பூட்டில் உருளை நன்றாகவே திரும்பும், திறந்துவிட்டது என்று நினைப்பீர்கள், ஆனால் அங்கேயே நின்றுவிடும். நடுவில் இடுப்பு ஒடுங்கிய பின் ஒன்று உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். ஏமாற்றுவதற்கென்றே போடுவது. அந்தப் பின்னைத் தூக்கும்போது உருளை உங்கள் விரலைப் பின்னோக்கித் தள்ளும். எதிர்த்து அழுத்தாமல் அதன் போக்கில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத் தூக்க வேண்டும். அந்தப் பூட்டை இப்போதே வாங்க வேண்டாம்.